புரையேறியதை நான் சொல்லவில்லை

என் மாமனாருக்குச் சாப்பிடும்போது புரையேறத் தொடங்கியதை வீட்டில் முதலில் கவனித்தவள் நான்தான். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொல்லவில்லை. இதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கதையை மட்டும் எழுதினால் படிக்கிறவர்கள் என்னை நல்ல மருமகள் என்று நினைத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. கணவர் சேவியர் கடைத்தெருவில் டூவீலர் மெக்கானிக். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மாமனார் அந்தோணிசாமி ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு. மாமியார் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர்களுக்கு என் கணவரைத் தவிர ஒரு மகள், லூர்துமேரி. கணவருக்கு மூத்தவர். சேலத்தில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான முதல் வருடம் மே மாதம், மாதா திருவிழாவுக்கு என்னை அழைத்துப்போக இண்டூரிலிருந்து என் அப்பா வந்தார். இரண்டு பஸ் மாறி, மொட்டை வெயிலில் நடந்து வந்தவர் வாசலில் நின்று, “கொஞ்சம் தண்ணி குடும்மா” என்றார். கல்யாணத்தில் பேசிய மோட்டார் சைக்கிள் அதுவரை வந்திருக்கவில்லை. மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொன்னார்: “பேசுன வண்டி வர்ற வரைக்கும் உங்கொப்பனுக்கு இந்த வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு எறங்கக் கூடாது.” அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பிறகு திரும்பி நடந்தார். சாகும்வரை அந்த வாசலுக்கு அவர் வரவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துவரத் தைரியம் இல்லை. இருபத்திரண்டு வருடம் அந்த மனிதருக்குச் சமைத்துப் போட்டேன். ஒரு நாளும் மறக்கவில்லை.

போன வருடம் மாமனாருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது, இடது கை தொங்கியது. ஒரு வாரத்தில் எழுந்து நடந்துவிட்டார். கையும் ஓரளவு திரும்பியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நினைத்தது. தொண்டைக்கும் பலவீனம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காபி குடித்தால் இருமினார். தண்ணீர் குடித்தால் இருமினார். களி சாப்பிட்டால் இருமல் வராது. ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றுக்கு வரும். அவர் இருமும்போதெல்லாம் என் கணவர் உச்சந்தலையில் தட்டி, “அக்கா நினைக்கறா போல” என்பார். மாமனாரும் கண்ணில் நீர் வழியச் சிரிப்பார். குடித்து முடித்த பிறகு அவருடைய குரல் மாறிவிடும். தொண்டைக்குள் கஞ்சி கொதிப்பதுபோலக் களகளவென்று பேசுவார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பழைய குரல் வரும். கால் மணி நேரத்தில் முடித்த சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மதியச் சோற்றின் பருக்கைகள் சாயங்காலம்வரை இடது கன்னத்துக்குள் கிடந்தன. வாய் கொப்பளித்துத் துப்பும்போது பார்த்திருக்கிறேன். தலையணை உறையில் எச்சில் கறை. பனியன் தொளதொளவென்று ஆனது. இரண்டு முறை லேசாகக் காய்ச்சல் வந்து, பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை தந்ததும் அடங்கி, இரண்டு வாரத்தில் மறுபடியும் எட்டிப் பார்த்தது.

இது எல்லாவற்றையும் பார்த்தேன். தினமும் நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவளுக்கு யார் விழுங்குகிறார்கள், யார் அதக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் போகாது. அதற்கு என்ன பெயர் என்று தெரியாது. ஆனால் ஏதோ தப்பாகப் போகிறது என்று தெரிந்தது. தண்ணீர் அவரை வதைக்கிறது என்றும் தெரிந்தது. வதைக்கட்டும் என்று விட்டேன்.

மூன்றாவது காய்ச்சல் வேறு மாதிரி இருந்தது. காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுக்கூடு வேகவேகமாக ஏறி இறங்கியது. உதடு நிறம் மாறியிருந்தது. ஆம்புலன்ஸில் தர்மபுரிக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். மூக்கில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு, எக்ஸ்ரே எடுத்துவரச் செய்து, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக, பஞ்சு அடைத்தது போல இருந்தது.

“சாப்புடும்போது இருமுவாரா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றார் என் கணவர்.

“தண்ணி, காபி குடிக்கறப்ப?”

“எப்பவாவது புரையேறுங்க. எல்லாருக்கும் வர்றதுதாங்களே.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். மூச்சு வாங்க அவர் கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் சண்டை. என் கோபம் அந்தக் கழுத்தோடு இல்லை என்று ஏனோ தோன்றியது.

“மூணு மாசமா இருமறாருங்க” என்றேன். “எது குடிச்சாலும். குடிச்ச பின்னாடி குரல் களகளங்குது. சோத்தக் கன்னத்துல அதக்கி வெச்சிக்கறாரு. எளச்சிட்டாரு. இது மூணாவது காய்ச்சல்.”

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா பாதி வேல முடிஞ்சிருக்கும்” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். தொண்டையில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று மூச்சுக்கு. விழுங்கும்போது மூச்சுக்குழாயை ஒரு மூடி மூடிக்கொள்ளும். பக்கவாதத்தில் அந்த மூடியும் அதைச் சுற்றியிருக்கும் தசைகளும் மந்தமாகிவிட்டன. அதனால் தண்ணீரும் எச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணாக்கியிருக்கின்றன. அதற்கு ஆஸ்பிரேஷன் நிமோனியா என்று பெயர். தண்ணீர் போல ஓடுகிறவைதான் மோசம். மூடி மூடுவதற்குள் அவை ஓடிவிடும். கெட்டியானது மெதுவாக நகரும், மூடிக்கு நேரம் கொடுக்கும்.

வெளியே வராண்டாவுக்கு வந்ததும் கணவர் என் பக்கம் திரும்பினார்.

“மூணு மாசமாத் தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீங்களும் பக்கத்துலதான உக்காந்து சாப்புட்டீங்க. ஒங்களுக்குக் காது இல்லியா? தலையில தட்டிச் சிரிச்சது யாரு?”

அவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்றிலிருந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவர் பேசாததுகூட என் கோபத்துக்குத் தேவைப்பட்டது. அவருடைய அப்பா என் அப்பாவைத் திருப்பி அனுப்பிய அன்று அவரும் இப்படித்தான் வாய் பேசாமல் நின்றார்.

மாமனாருக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டார்கள். பாலும் கஞ்சித் தண்ணியும் அதன் வழியாகப் போகும். குழாய் போட்டதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தேன். நர்ஸ் திருத்தினார். குழாய் இருந்தாலும் எச்சில் தொண்டையில்தான் இறங்கும், வயிற்றில் இருப்பது மேலே ஏறி வரும். அதனால் கட்டிலின் தலைப்பக்கம் எப்போதும் உயர்ந்தே இருக்க வேண்டும். வாயால் சாப்பிடாவிட்டாலும் காலையும் மாலையும் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு வாயின் எச்சில் உள்ளே போனால் அதிலிருக்கும் கிருமியும் சேர்ந்து போகும்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கி நினைவு தெளிந்தது. கண்ணைத் திறந்ததும் முதல் வார்த்தை தண்ணி.

“ஜெசி… தண்ணி.”

“குடுக்கக் கூடாதுங்க மாமா.”

“ஒரு வாய்.”

“கூடாது.”

ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்டார். முப்பது தடவையும் கூடாது என்றேன். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட மட்டும் அனுமதி இருந்தது. அதைச் செய்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள், பாவம் இந்தப் பெண் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறாள் என்றார்கள். உண்மையில் ஒவ்வொரு தடவை கூடாது என்று சொல்லும்போதும் என் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. டாக்டரே உத்தரவு போட்டுக் கொடுத்த பழிவாங்கல். வேறு யாருக்குக் கிடைக்கும்?

ஆறாம் நாள் மத்தியானம் கணவர் சாப்பிடப் போயிருந்தார். மாமனார் மறுபடியும் கேட்டார். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் காதருகே குனிந்தேன். இருபத்திரண்டு வருடம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“மாமா, எங்கப்பா வந்து தண்ணி கேட்டாரே, ஞாபகம் இருக்குங்களா? மே மாசம். வெயில்ல நடந்து வந்து வாசல்ல நின்னாரு. ஒரு சொட்டு எறங்கக் கூடாதுன்னீங்களே. இப்ப ஒங்களுக்கு எறங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. யோசிக்கிறார் என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன்.

“ஒங்கப்பாரு வந்தாரா?” என்றார். “எப்ப?”

“அப்ப. கல்யாணம் ஆன வருசம்.”

“வந்தவருக்கு யாரு தண்ணி குடுக்காம விட்டது?” குரலில் உண்மையான கோபம். “யாருன்னு சொல்லு. நான் கேக்கறேன்.”

நடிக்கவில்லை. பக்கவாதம் தின்றுவிட்டதோ, அதற்கு முன்பே அவருக்கு அது நினைவில் வைக்க வேண்டிய விஷயமாக இல்லையோ, எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் நான் சுமந்த நெருப்பை இறக்கி வைக்க வந்த இடத்தில் ஆளே இல்லை. எழுந்து வராண்டாவுக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். இரக்கம் வந்தது என்று நினைக்காதீர்கள். கோபம் இரண்டு மடங்கானது.

அந்த வாரம்தான் பிரபு என்ற பேச்சுப் பயிற்சியாளர் வார்டுக்கு வந்தார். பேச்சுக்குப் பயிற்சி கொடுப்பவர்தான் விழுங்குவதையும் சோதிப்பார் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். மாமனாரின் குரல்வளை மேல் இரண்டு விரல்களை வைத்து, விழுங்கும்போது அது மேலேறி இறங்குகிறதா என்று பார்த்தார். கெட்டியான கூழை அரை ஸ்பூன் கொடுத்து, “ஆ… சொல்லுங்க” என்று குரலைக் கேட்டார். தெளிவாக வந்தது. தண்ணீர் சில துளிகள் கொடுத்தபோது குரல் நனைந்துபோனது. வாயால் சாப்பிடலாம், ஆனால் விதிகளோடு என்றார்.

அந்த விதிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மருமகள் பாசத்தில் எழுதவில்லை. இனி இந்த மனிதரின் வாய்க்குள் போகிற ஒவ்வொரு ஸ்பூனும் என் சம்மதத்தோடுதான் போகும் என்ற எண்ணத்தில் எழுதினேன். நேராக நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், சாய்ந்தபடி கூடாது. விழுங்கும்போது தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும், அண்ணாந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். சின்ன ஸ்பூன், அரை அளவு. ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தது. ஸ்ட்ரா கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருந்தால் சாப்பாடே கூடாது. சாப்பிடும்போது பேச்சு கொடுக்கக் கூடாது, டிவி கூடாது. தண்ணீரில் அதற்கென்று விற்கிற மாவைக் கலந்து கெட்டியாக்க வேண்டும். ராகிக் கஞ்சி ஸ்பூனைச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாகக் கட்டியாய் விழுகிற பதத்தில் இருக்க வேண்டும். முடித்ததும் கன்னத்தின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

கடைசியாக பிரபு சொன்னதை இரண்டு கோடு போட்டு எழுதினேன். “சில பேருக்கு உள்ள போனாலும் இருமலே வராதுங்க. தொண்டைக்கு உணர்ச்சி மங்கிப்போயிருக்கும். அதனால இருமல, நல்லாக் குடிச்சாருன்னு நம்பிடாதீங்க.”

குழாயை எடுத்த அன்று சேலத்திலிருந்து அண்ணி வந்தார். அதற்கு முன்பும் இரண்டு முறை வந்து, கட்டிலருகே நின்று அழுதுவிட்டுப் போயிருந்தார். இந்த முறை தங்குவதற்குப் பையோடு வந்திருந்தார். நான் அரை மணி நேரமாக ஊட்டிக்கொண்டிருந்த கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

“இவ்ளோதான் குடுக்கறியா? அதுவும் கோந்து மாதிரி?”

“இதுதாங்க அண்ணி பதம்.”

“தாகத்துக்கு நல்ல தண்ணிகூட இல்லாம, இது என்ன கொடும?”

அன்று மாலை பங்குச்சாமியார் நோயாளிகளைப் பார்க்க வந்தார். மாமனாருக்கு எண்ணெய் பூசி ஜெபித்தார். நற்கருணை அப்பம் வைத்திருந்த சிமிழைத் திறந்தபோது நான் குறுக்கே நின்றேன்.

“வேண்டாங்க சாமி. காஞ்ச அப்பம் தொண்டையில ஒட்டிக்கும். இப்பதான் குழாய எடுத்திருக்காங்க.”

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். “ஆண்டவரையே தடுக்கறாளே!”

சாமியார் சிமிழை மூடினார். “அவங்க சொல்றது சரிதாம்மா. நற்கருண வாங்கணும்ங்கற ஆச தான முக்கியம்” என்று சிலுவை வரைந்துவிட்டுப் போனார். ஆனால் அண்ணி அதை விடவில்லை. இரண்டு மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போய்விட்டது. ஜெசி அப்பாவைப் பட்டினி போடுகிறாள், நற்கருணை கொடுக்கவும் விடவில்லை, என்ன கணக்கு வைத்திருக்கிறாளோ.

மறுநாள் காலை மருந்து வாங்க நான் கீழே போயிருந்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது கட்டிலின் தலைப்பக்கம் இறங்கியிருந்தது. மாமனார் மல்லாந்து படுத்திருந்தார். ஸ்டூலில் வெட்டிய இளநீர், அண்ணியின் கையில் டம்ளர், முகத்தில் வெற்றி.

“பாரு, முழு டம்ளர் குடிச்சாரு. ஒரு இருமல் இல்ல. நீதான் ஆகாது ஆகாதுன்னு அவரக் காய வெச்ச.”

நான் கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து கட்டிலை உயர்த்தினார். மாமனாரை “ஆ” சொல்லச் சொன்னேன். குரல் தண்ணீருக்கடியிலிருந்து வந்தது. இருமல் மட்டும் வரவே இல்லை.

மூன்று மணிக்குக் காய்ச்சல் ஏறியது. ஐந்து மணிக்கு நிமிடத்துக்கு முப்பத்தாறு மூச்சு. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே போனது. ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூச்சுக் கருவி வைக்கவேண்டி வரலாம், கையெழுத்துப் போடுங்கள் என்று கணவரிடம் ஒரு தாளை நீட்டினார்கள். பேனாவை நான் எடுத்துக்கொடுத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

ஐசியூ வாசலில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் அண்ணி அழுதுகொண்டிருந்தார். “நல்லாத்தான் இருந்தாரு. அவ என்னாத்தக் குடுத்தாளோ.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாக்டரம்மா வெளியே வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

“டாக்டர், மல்லாக்கப் படுக்க வெச்சு ஒரு டம்ளர் எளநீர் குடுத்தா இப்படி ஆகுங்களா?”

“யாரு குடுத்தது?” டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. “அது கிட்டத்தட்ட நுரையீரலுக்குள்ளயே ஊத்துன மாதிரிங்க. அத்தன தடவ சொன்னோம், போர்டு மாட்டியிருக்கோம். யாரு?”

எல்லோருடைய கண்ணும் மெதுவாக அண்ணி பக்கம் திரும்பியது. அந்த நொடியை நான் ருசித்தேன். பொய் சொல்லமாட்டேன்.

மாமனார் நான்கு நாள் ஐசியூவில் கிடந்தார். மூச்சுக் கருவி வேண்டியிருக்கவில்லை. அண்ணி அந்த நான்கு நாளும் வாசல் பெஞ்சை விட்டு நகரவில்லை, சாப்பிடவும் இல்லை. இரண்டாம் நாள் என் கணவர் என்னருகே வந்து உட்கார்ந்து, பார்சல் இட்லியைப் பிரித்து வைத்தார். “நானும் கேட்டுட்டுதான் இருந்தேன், அந்த இருமல” என்றார். இட்லியில் பாதியை அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

வார்டுக்குத் திரும்பிப் பத்து நாள் கழித்து, இன்னும் மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, நான் என் முடிவைச் சொன்னேன்.

“மாமா ஒரு மாசம் சேலத்துல இருக்கட்டும். அண்ணிதான் ஊட்டணும்.”

“என்னால முடியாது” என்றார் அண்ணி. முகம் வெளுத்துவிட்டது.

“ஒங்களுக்குத்தான் அவரு தாகம் தெரியுது. எனக்குக் கல்லு மனசு. நீங்களே பாருங்க.”

கணவர் குறுக்கிட வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். நோட்டை அண்ணியிடம் கொடுத்தேன். மூன்று நாள் ஒவ்வொரு வேளையும் அண்ணியையே ஊட்டச் சொல்லி, பின்னால் நின்று ஒவ்வொரு தப்பையும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். “ஸ்பூன் நெறைய எடுக்காதீங்க.” “அவரு முழுங்கவே இல்ல, அதுக்குள்ள அடுத்ததா?” “தாடையக் குனிய வைங்க. எத்தன வாட்டி சொல்றது?” ஐம்பத்தைந்து வயதுக்காரரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல நடத்தினேன்.

மூன்றாம் நாள் வராண்டாவில் காலியாக இருந்த பெஞ்சைக் காட்டினேன்.

“படுங்க அண்ணி. மல்லாக்க.”

“எதுக்கு?”

“படுங்க. ஒரு ஸ்பூன் தண்ணி நான் ஊத்தறேன். எப்படி இருக்குன்னு பாருங்க.”

படுத்தார். அண்ணாந்த வாயில் ஒரு சின்ன ஸ்பூன் தண்ணீர் விட்டேன். திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து இருமினார். கண், மூக்கு எல்லாம் நீர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். தொண்டை நன்றாக இருக்கிறவருக்கே ஒரு ஸ்பூனுக்கு இந்தப் பாடு. நான் முதுகில் தட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூச்சு அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“இது எளநீருக்காக மட்டும் இல்லன்னு எனக்குத் தெரியும், ஜெசி. நானும் திருவிழாவுக்கு வந்திருந்தேன்ல, அன்னைக்கு ஒங்கப்பாவுக்குன்னு சொம்புல தண்ணி மொண்டுட்டு வந்தது நாந்தான். அப்பா அப்படிச் சொன்னதும் திரும்ப உள்ள கொண்டுபோயிட்டேன். வாசப்படி தாண்டி ஒரு எட்டு வெச்சிருந்தாப் போதும். வெக்கல.”

எனக்கு அந்தச் சொம்பு தெரியாது. நான் அன்று அப்பாவின் முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன். ஸ்பூனைக் கழுவப் போனேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அது நடந்தது என்று என்னைத் தவிர இன்னொருவருக்கும் தெரியும் என்பது எனக்கு ஏதோ செய்தது.

மாமனாரைச் சேலத்துக்கு அனுப்பினோம். முதல் வாரம் மூன்று வேளையும் அண்ணி போன் செய்தார். கஞ்சி கெட்டி போதுமா, அரை மணி நேரம் ஆகிவிட்டதா, படுக்க வைக்கலாமா. சில அழைப்புகளை அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். இரண்டாம் வாரம் அழைப்பு குறைந்தது. பிறகு நின்றே போனது. அது எனக்குப் பிடிக்கவில்லை. தவறவிடுவார், அவசரப்படுவார், பதறிக்கொண்டு என்னிடம் வருவார் என்று காத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை கணவர் சொன்னார்: “அக்கா போன வாரம் அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. இருமல் ஒண்ணுமில்லையாம். மூச்சு வேகமா இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்கா. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டதால ரெண்டு நாள்ல மருந்து குடுத்து அனுப்பிட்டாங்களாம்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“ஒனக்கு எதுக்குச் சொல்லணும்?” என்றார் அவர், சாதாரணமாக.

மறுநாள் பூசை முடிந்ததும் ரயிலேறினேன். சேலம் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மூச்சு ஏன் வேகமானது? எங்கோ ஒரு வேளை சறுக்கியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஒன்றரை மணி. கதவு சாத்தாமல் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், அவர் முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார் அண்ணி. பக்கத்தில் கழுவாத கிண்ணம். எதிரே டைம்பீஸ். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் ஆகவில்லை போலிருக்கிறது. அண்ணி பாதியாக இளைத்திருந்தார்.

மாமனார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தேன். அவர் முன்னால் மண்டியிட்டு, “ஆ காட்டுங்க மாமா” என்றேன். காட்டினார். செல்போன் வெளிச்சத்தை அடித்து, விரலால் இடது கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். வலது கன்னம். நாக்குக்கு அடியில். மேலண்ணம். ஈறு முழுக்க. ஒரே ஒரு பருக்கை கிடைத்தால் போதும் என்று தேடினேன்.

வாய் சுத்தமாக இருந்தது.

“என்ன, பாத்தாச்சா?” என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே.

“பாத்தாச்சுங்க” என்றேன்.